வீட்டில் பிட்காயின் மைனிங் மெஷின்: கரண்ட், காற்று, சத்தம் – பொள்ளாச்சி, பாலக்காட்டு எல்லைப் பகுதிக்கான கேள்வி பதில்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் வீட்டிலோ தோட்டத்துச் சாளையிலோ ஒன்றிரண்டு மைனிங் மெஷின் (இடைவிடாமல் கணக்குப் போட்டு, அதற்குக் கூலியாகப் பிட்காயின் ஈட்டும் கம்ப்யூட்டர்) ஓட்டுபவர்களுக்கும், ஓட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். கணக்குகள் எல்லாம் ஆன்ட்மைனர் எஸ்19 (வேகம் 95 டெராஹாஷ், அதாவது நொடிக்கு 95 லட்சம் கோடி கணக்கு; 3250 வாட்) மாடலை வைத்துப் போட்டவை. வேறு மாடல் என்றால் வாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் இதைச் சொல்லுங்கள்: லாபம் வருமா?

வீட்டுக் கரண்ட் கட்டணத்தில் எஸ்19 ஓட்டினால் வராது.

2024 ஏப்ரல் ஹாவிங்குக்குப் பிறகு (கூலி பாதியாகக் குறைவதுதான் ஹாவிங்) ஒரு பிளாக்குக்கு, அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்புக்கு, 3.125 காயின் கூலி. பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்றால் நாளுக்கு 144 பிளாக், உலகம் முழுவதற்கும் சேர்த்து 450 காயின். 2025-ல் நெட்வொர்க்கின் மொத்த வேகம் நொடிக்கு 1 செட்டாஹாஷைத் தாண்டியது. அதாவது நூறு கோடி டெராஹாஷ். அதில் உங்கள் 95 டெராஹாஷின் பங்கு நாளுக்குச் சுமார் 4,275 சடோஷி (ஒரு காயினில் பத்துக் கோடியில் ஒரு பங்கு ஒரு சடோஷி). ஒரு காயின் ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 427 ரூபாய்.

செலவுப் பக்கம், 3.25 கிலோவாட் இருபத்து நாலு மணி நேரமும் ஓடினால் நாளுக்கு 78 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 4,680 யூனிட். தமிழ்நாட்டில் 1000 யூனிட்டுக்கு மேல் யூனிட் 11 ரூபாயைத் தாண்டிவிட்டது. 11 என்றே வைத்தாலும் நாளுக்கு 858 ரூபாய். கேரளப் பக்கம் மாதம் 250 யூனிட் தாண்டினால் ஸ்லாப் சலுகை போய்விடும். முதல் யூனிட்டிலிருந்தே ஒரே ரேட்தான். மேலே சொன்ன காயின் விலையில் யூனிட் ஐந்தரை ரூபாய்க்குள் கிடைத்தால்தான் எஸ்19 தன் கரண்ட் காசையாவது எடுக்கும். புதிய எஸ்21 (200 டெராஹாஷ், 3500 வாட்) கூட பத்தே முக்கால் ரூபாயில் முட்டி நின்றுவிடுகிறது.

காயின் விலையும் நெட்வொர்க் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். 2016 பிளாக்குக்கு ஒருமுறை டிஃபிகல்டி (கணக்கின் கடினம்) மாறும். ஆகவே மெஷினுக்குப் பணம் கட்டும் முன் அன்றைய எண்களைப் போட்டு இதே கணக்கை நீங்களே ஒருமுறை போடுங்கள். விற்பவர் காட்டும் லாப ஸ்க்ரீன்ஷாட்டில் பெரும்பாலும் கரண்ட் செலவே இருக்காது.

வரி?

மைனிங்கைத் தடை செய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை. காயின் விற்ற லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங் கட்டமைப்புக்கான செலவை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே ஒன்றிய அரசு தெளிவுபடுத்திவிட்டது. உங்கள் கரண்ட் பில் வரியைக் குறைக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

தோட்டத்து மோட்டார் சர்வீஸில் மாட்டலாமா? அது இலவசக் கரண்ட்தானே?

கூடாது. அந்த இணைப்பு பாசனத்துக்குக் கொடுத்தது. அனுமதித்த காரியம் ஒன்று, பயன்படுத்துவது வேறொன்று என்றால் மின்சாரச் சட்டம் 2003-ன் 126-வது பிரிவு பாயும். பொருந்தும் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு போட்டு வசூலிப்பார்கள். வீட்டு இணைப்பில் தொழிலாக ஓட்டினாலும் இதே பிரிவுதான். இ.பி. ஆபீஸிலோ கே.எஸ்.இ.பி. செக்‌ஷன் ஆபீஸிலோ எந்தக் கட்டண வகையில் வரும் என்று எழுத்தில் கேட்டு, லோடையும் கூட்டி வாங்கிய பிறகு மாட்டுங்கள்.

சோலாரில் ஓட்டினால்?

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 78 யூனிட்டுக்கு 20 கிலோவாட் போல வேண்டும். ஏற்கெனவே பேனல் இருந்து, பகலில் மிஞ்சுகிற கரண்டை மட்டும் வாட்டைக் குறைத்து ஓட்டப் பயன்படுத்தினால் சரி. மெஷினுக்காகவே பேனல் போட்டால் கணக்கு ஒத்து வராது.

வீட்டில் இருக்கும் 16 ஆம்ப் ப்ளக்கில் நேராக மாட்டலாமா?

வேண்டாம். 3250 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 14 ஆம்ப். கீசரும் அவ்வளவுதானே இழுக்கிறது என்று தோன்றும். கீசர் பத்து நிமிடத்தில் நின்றுவிடும், இது மாதக்கணக்கில் நிற்காமல் இழுக்கும். சாதாரண சாக்கெட்டின் பித்தளை நாக்கு சூட்டில் தளரும். தளர்ந்தால் இன்னும் சூடேறும். முதலில் பிளாஸ்டிக் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், கடைசியில் உருகும்.

இந்த மெஷினின் பவர் சப்ளை வேறொரு குணமும் கொண்டது. வோல்டேஜ் இறங்கினால் அதற்கு ஈடாக ஆம்பைக் கூட்டி இழுக்கும். 200 வோல்ட்டில் 16 ஆம்பையும் தாண்டிவிடும். சுற்றிலும் பம்ப் செட் ஓடுகிற நேரத்தில் நம் பகுதியில் 200-க்கு இறங்குவது சாதாரணம். அதற்கும் கீழே போனால் மெஷின் அணைந்து, ஏறியதும் எழுந்து, மறுபடி அணையும். இப்படி விட்டுவிட்டு எழுவதுதான் பவர் சப்ளையைச் சாகடிக்கிறது.

செய்ய வேண்டியது: டிபியிலிருந்து (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி) மெஷினுக்கென்று தனியாக 4 சதுர மி.மீ. காப்பர் வயர். தூரம் 25 மீட்டருக்கு மேல் என்றால் 6 சதுர மி.மீ. 20 ஆம்ப் சி-கர்வ் எம்சிபி (லோடு மீறினால் விழும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்ச்). முடிவில் 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், அதிலிருந்து சி13 பாயிண்ட் (கம்ப்யூட்டர் கார்டு வகை முனை) உள்ள பிடியு (கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பலகை). எஸ்19-க்கு இரண்டு பவர் கார்டு. இரண்டிலும் பாதிப்பாதி ஓடுவதால் ஒவ்வொன்றிலும் 7 ஆம்ப். கார்டு 1.5 சதுர மி.மீ. இருக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு வந்த மெல்லிய கார்டும், ஸ்பைக் பஸ்டர் பலகையும் இந்த வேலைக்கு ஆகாது.

வோல்டேஜ் ஆடுகிற ஊரில் 5 கேவிஏ சர்வோ ஸ்டெபிலைசர் வையுங்கள். ஓட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து எம்சிபி முனை, சாக்கெட், பிடியு மூன்றையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். எதுவாவது 60 டிகிரி தாண்டினால் அங்கே ஸ்க்ரூ லூஸ். ஆஃப் செய்து முறுக்குங்கள். முதல் வாரம் கழித்து ஒருமுறை எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி முறுக்குவது அவசியம், காப்பர் அமுங்கிக் கொடுத்திருக்கும்.

இடி மின்னலுக்கு என்ன செய்வது?

மலையடிவாரத்தில் சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி கடுமை. டிபியில் டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென்று எகிறும் வோல்டேஜைத் தடுப்பது) வேண்டும். அதுவும் எர்த் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். பாறையும் செம்மண்ணும் உள்ள இடத்தில் எர்த் குழி காய்ந்துபோகும், மாசி பங்குனியில் தண்ணீர் ஊற்றுங்கள். இடி கேட்க ஆரம்பித்தால் மெஷினை நிறுத்திப் ப்ளக்கைப் பிடுங்குவதே சிறந்த பாதுகாப்பு. லேன் கேபிளையும் சேர்த்துப் பிடுங்குங்கள். பவர் பக்கத்தைக் காப்பாற்றிவிட்டு, கேபிள் வழியாக வந்த சர்ஜில் மெஷினை இயக்கும் கன்ட்ரோல் போர்டைப் பறிகொடுப்பவர்கள்தான் அதிகம்.

ரூமில் ஏசி போட்டால் போதாதா?

இழுக்கும் கரண்ட் முழுவதும் சூடாகத்தான் மாறுகிறது. 3250 வாட் சூடு என்பது ஏறக்குறைய ஒரு டன் ஏசியின் முழு வேலை. அந்த ஏசிக்கு இன்னொரு கிலோவாட் கரண்ட். நஷ்டத்தின் மேல் நஷ்டம். மெஷினுக்குக் குளிர்ந்த காற்று தேவையில்லை. நிறைய காற்று தேவை, விட்ட சூடு திரும்பி வராமல் இருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் கூலிங்கில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

எவ்வளவு காற்று? ஓட்டை எவ்வளவு பெரிசு?

வாட்டை 1.76-ஆல் பெருக்கி, காற்று எத்தனை டிகிரி சூடேறலாம் என்பதால் வகுத்தால் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) கிடைக்கும். 15 டிகிரி ஏற்றத்துக்கு 3250 வாட்டுக்கு 381 சி.எஃப்.எம். 10 டிகிரி போதும் என்றால் 572. உள்ளே போகும் காற்றுக்கு 40 டிகிரி வரைதான் கம்பெனி வரம்பு. பங்குனி சித்திரையில் பாலக்காட்டுப் பக்கம் வெளிக்காற்றே அதைத் தொட்டுவிடும். அந்த நாட்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வாட்டைக் குறைத்து ஓட்டுங்கள், அல்லது நிறுத்துங்கள். தகரக் கூரைக்கு அடியில் வைத்தால் வெளியே 36 இருக்கும்போதே உள்ளே 40 தாண்டிவிடும். ஓட்டுக் கூரையோ கான்கிரீட்டோ உள்ள இடமாகப் பாருங்கள்.

மெஷினின் பின்புறம் இரண்டு 120 மி.மீ. ஃபேன் சூட்டைத் தள்ளும். அதன்மேல் அடாப்டர் மாட்டி 8 இன்ச் அலுமினிய டக்ட் வழியாகச் சுவருக்கு வெளியே விடுங்கள். 6 இன்ச் டக்ட் மலிவு என்று வாங்காதீர்கள், அதில் காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டரை எட்டி, எதிர்ப்பும் சத்தமும் ஏறிவிடும். டக்டை நன்றாக இழுத்து நேராக்குங்கள். மூன்று மீட்டருக்குள், இரண்டு வளைவுக்குள் முடியுங்கள். சுருங்கித் தொங்குகிற டக்ட் பாதிக் காற்றைத் தின்றுவிடும்.

உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். கதவைச் சாத்தியதும் மெஷின் சூடு நாலைந்து டிகிரி ஏறுகிறதா? வரும் வழி போதவில்லை என்று பொருள்.

எந்தச் சுவரில் வரும் வழி, எந்தச் சுவரில் போகும் வழி?

நம் பகுதியில் இதைக் கவனிக்காமல் சுவரை உடைத்தவர்கள் மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் மேற்கிலிருந்து காற்று அறைகிறது. மேற்குச் சுவரில் எக்ஸாஸ்ட் வைத்தால் ஃபேன் தள்ளுகிற சூட்டைக் காற்று திருப்பி உள்ளே தள்ளும். கிழக்கில் வைத்தால் ஆடி தப்பிக்கும், மார்கழி தையில் கிழக்கிலிருந்து வீசும் காற்றில் அதே கதை. ஆகவே இரண்டு காற்றுக்கும் குறுக்கே போடுங்கள். தெற்கே வரும் வழி, வடக்கே போகும் வழி. போகும் வாய்க்கு மேல் கீழ்நோக்கி வளைந்த தகர மூடி. வரும் வாயை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளி, தரையிலிருந்து மூன்றடியாவது மேலே வையுங்கள்.

வீடு தெற்கு வடக்காக இடம் தரவில்லை என்றால் எக்ஸாஸ்டைக் கூரைக்கு மேலே தூக்கி, எந்தத் திசைக் காற்றுக்கும் ஈடுகொடுக்கிற மாதிரி டி வடிவ முனை வையுங்கள்.

மஞ்சி மில் தூசிக்கு என்ன ஃபில்டர்?

தென்னை மஞ்சியும் (மட்டை நார்) பித் தூசியும் (நார்க்கழிவுத் தூள்) இந்த மெஷின்களுக்குப் பெரிய எதிரி. இழை ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகடு) இடுக்கில் மெத்தைபோலப் படியும். மெஷினுக்குள் சிப் பொருத்திய மூன்று போர்டுகளில் நடுப் போர்டின் சூடு மற்ற இரண்டையும்விட ஏறிக்கொண்டே போனால் அதுதான் காரணம். மழைக்காலத்தில் அந்தத் தூசி ஈரம் உறிஞ்சிக் கரண்ட் கடத்தவும் ஆரம்பிக்கும்.

ஜி4 தரத் துவைக்கும் ஃபில்டரை 2 அடிக்கு 3 அடி சட்டத்தில் அடித்து வரும் வழியில் வையுங்கள். பரப்பு இவ்வளவு பெரிதாக இருந்தால்தான் காற்று மெதுவாக நுழைந்து தூசியை வெளியிலேயே விடும். மெஷினின் முகத்தில் நேராக ஃபில்டரை ஒட்டினால் இரண்டே நாளில் மூச்சு முட்டும். மில்லுக்கு அருகில் வாரம் ஒருமுறை, மற்ற இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கைவசம் இரண்டு ஃபில்டர் இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெஷினை வெளியே எடுத்துப் ப்ளோவரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையைக் குச்சியால் தடுத்துப் பிடியுங்கள். சுழல விட்டால் ஃபேன் டைனமோபோல மின்சாரம் தயாரித்துக் கன்ட்ரோல் போர்டுக்கு அனுப்பும், பேரிங்கும் போகும். எக்ஸாஸ்ட் வாயில் கொசுவலைக்குப் பதில் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள கம்பிவலை போடுங்கள். பல்லி நுழையாத அளவு போதும். நிறுத்தி வைத்த மெஷினின் கதகதப்புக்குப் பல்லி வரும், மறுபடி போடும்போது போர்டில் ஷார்ட் ஆகும்.

கூலர் வைக்கலாமா? ஆந்திரா பார்டரில் வைக்கிறார்களாமே?

திருத்தணி, நகரி பக்கம் அக்னி நட்சத்திரத்தில் காற்று காய்ந்து கிடக்கும். அங்கே நனைந்த பேட் வழியாகக் காற்றை விட்டால் பல டிகிரி இறங்கும். நம் பக்கம் ஆனியிலிருந்து காற்றே ஈரம் சுமந்து வருகிறது. கூலர் ஒன்றிரண்டு டிகிரிதான் இறக்கும், ஈரத்தை மட்டும் கூட்டும். போர்வெல் தண்ணீரின் உப்பு பேடில் படிந்து, துளியாகப் பறந்து போர்டில் வெள்ளைப் பூவாகப் பூக்கும். செங்கோட்டை, புளியரை பக்கம் சாரல் காலத்தில் கூலரை நினைக்கவே வேண்டாம். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கடல் காற்றின் உப்பு சேர்ந்துகொள்வதால் அங்கே ஃபில்டர் இல்லாமல் ஓட்டவே கூடாது.

மழைக்காலத்தில் சில நாள் நிறுத்தி வைத்திருந்தால் உடனே பவர் போடாதீர்கள். பெட்டிக்குள் 100 வாட் குண்டு பல்பைச் சில மணி நேரம் எரியவிட்டு ஈரம் போக்கிய பிறகு போடுங்கள். பல்பு மெஷினைத் தொடக் கூடாது.

சத்தத்தைக் குறைக்க முடியுமா?

எஸ்19 சுமார் 75 டெசிபெல். மூடிய ரூமில் மிக்ஸி நிற்காமல் ஓடுவதுபோல இருக்கும். குடியிருப்புப் பகுதியில் 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிப்படி பகலில் 55, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபெல்தான் வரம்பு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் 75 என்றால் 32 மீட்டரில்தான் 45. நூறு அடிக்குள் பக்கத்து வீடு இருந்தால் பெட்டி கட்டாமல் இரவில் ஓட்டாதீர்கள். குழந்தையும் வயசானவர்களும் தூங்குகிற வீடு அது.

முதல் வழி, செலவே இல்லாதது: வாட்டைக் குறைப்பது. ஃபேன் வேகம் பாதியானால் சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். எந்தப் பெட்டியும் இவ்வளவு எளிதாக இதைத் தராது. பிரைன்ஸ் ஓஎஸ், லக்ஸ் ஓஎஸ் போன்ற ஃபர்ம்வேரில் (மெஷினை இயக்கும் மென்பொருள்) வாட் இலக்கு கொடுக்கலாம். 3250-லிருந்து 2000-க்கு இறக்கினால் ஹாஷ் வேகம் அதே விகிதத்தில் விழாது, ஒரு யூனிட்டுக்குக் கிடைக்கும் வேலை கூடும். ஃபர்ம்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். டெலிகிராம் குரூப்பில் இலவசமாகச் சுற்றும் ஃபைல்களில் உங்கள் ஹாஷை வேறொருவரின் வாலட்டுக்கு (காயின் கணக்கு) திருப்பும் வேலை நடக்கிறது.

இரண்டாவது பெட்டி. 18 மி.மீ. பிளைவுட், உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி), அதன்மேல் கண்ணாடி இழைத் துணி. காற்று நேராக வந்து நேராகப் போனால் சத்தமும் நேராகப் போகும். வரும் வழியிலும் போகும் வழியிலும் எல் வடிவத் திருப்பம் வையுங்கள், திருப்பத்தின் உள்பக்கமும் ராக்வூல் ஒட்டுங்கள். திருப்பத்தின் குறுக்களவு டக்டைவிடச் சிறிதாகக் கூடாது. பெட்டிக்கு அடியில் ரப்பர் பேட். முட்டை அட்டையும் தெர்மாகோலும் சத்தத்தைத் தடுக்காது, தெர்மாகோலும் மெத்தை ஃபோமும் தீப்பிடிக்கும்.

ஃபேனை மட்டும் கழற்றி அமைதியான கம்ப்யூட்டர் ஃபேன் போடுவது எளிது என்று தோன்றும். முழு வாட்டில் அது காற்று போதாமல் மெஷினை அணைக்கும். ஆர்பிஎம் குறைவு என்று ஃபேன் எரரும் வரும்.

எண்ணெயில் முக்கி வைத்தால் சத்தமே இல்லையாமே? தேங்காய் எண்ணெய் ஆகுமா?

முக்கும் முறை உண்மைதான், ஆனால் அதற்கென்று செய்த, மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் திரவம், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், சூட்டில் காறி அமிலமாகும், காப்பரை அரிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் மின்சாரம் கடத்தாது, ஆனால் தீப்பிடிக்கும். பிவிசி வயர் அதில் ஊறி விறைத்து விரிசல் விடும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் இந்த வேலை வேண்டாம்.

வெளியேறும் சூட்டில் கொப்பரை காயவைக்கலாமா?

இதுதான் நம் ஊருக்கு உண்மையிலேயே பொருந்துகிற யோசனை. உள்ளே 32 டிகிரியில் போகும் காற்று 50 டிகிரி அளவில் வெளியே வரும், ராத்திரியும் வரும், சாரல் நாளிலும் வரும். களத்தில் காயப் போட முடியாத ஆடியில் இதற்கு மதிப்பு உண்டு. தேங்காய்ப் பருப்பில் பாதியளவு ஈரம். அது 6 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். மிளகு, வத்தலுக்கும் இந்தச் சூடு போதும்.

தட்டை டக்ட் வாயில் ஒட்டி வைத்தால் காற்று முட்டி மெஷின் சூடேறும். வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, கம்பிவலைத் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். கொப்பரையைக் கடந்த காற்று ஈரமும் எண்ணெய் வாடையும் சுமக்கும், அது வரும் வழிப் பக்கம் திரும்பவே கூடாது. ஆகவே உலர்த்தும் கொட்டகை தனி, மெஷின் ரூம் தனி. முதல் நாள் தட்டை இரண்டு முறை திருப்பிப் போடாவிட்டால் அடித்தட்டில் பூஞ்சை வரும்.

நெட்வொர்க்கில் எப்படி இணைப்பது?

வைஃபை கிடையாது, லேன் கேபிள்தான். ரவுட்டரின் பட்டியலில் மெஷினின் ஐபி எண்ணைப் பார்த்து பிரவுசரில் திறங்கள். கம்பெனி கொடுத்த பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுமே 'ரூட்'. முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பூல் (பலர் சேர்ந்து மைனிங் செய்து கூலியைப் பங்கு பிரிக்கும் குழு) தரும் ஸ்ட்ராட்டம் முகவரியை (மெஷின் இணைய வேண்டிய முகவரி) முதல் வரியிலும், மாற்று முகவரிகளை அடுத்த இரண்டிலும் போட்டு, ஒர்க்கர் பெயர் (பூலில் உங்கள் மெஷினை அடையாளம் காட்டும் பெயர்) கொடுத்துச் சேமியுங்கள். டேட்டா மிகக் குறைவாகவே செலவாகும். வேகத்தைவிட அறுபடாத இணைப்பு முக்கியம், ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வையுங்கள்.

மூன்று போர்டில் இரண்டுதான் காட்டுகிறது. போர்டு போய்விட்டதா?

உடனே அப்படி முடிவு செய்யாதீர்கள். பவரைப் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு, ரிப்பன் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், போர்டுக்கு வரும் பவர் பட்டையின் ஸ்க்ரூவை முறுக்குங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் ரிப்பன் கேபிளை நல்ல போர்டின் கேபிளோடு மாற்றிப் பாருங்கள். பிரச்சினை கேபிளோடு நகர்ந்தால் கேபிள் போயிருக்கிறது. அதே போர்டிலேயே நின்றால் போர்டு. லாகில் (மெஷின் தானே எழுதும் பதிவு) சிப் எண்ணிக்கை பூஜ்யம் என்று வந்தால் சர்வீஸுக்குத்தான் அனுப்ப வேண்டும். பழைய மெஷின் வாங்கும்போது மூன்று போர்டும் முழு சிப் எண்ணிக்கையோடு, குறைந்தது ஒரு மணி நேரம் கண் முன்னால் ஓடிய பிறகே பணம் கொடுங்கள்.

தீப்பிடித்தால்?

மெயினை அணைப்பது முதல் வேலை. அதற்காகவே மெயின் ஸ்விட்ச் மெஷின் ரூமுக்கு வெளியே, வாசலை ஒட்டி இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பான் கதவுக்கு வெளியே தொங்கட்டும். தண்ணீர் ஊற்றாதீர்கள். ரூமுக்குள் புகை உணரி ஒன்றும், படுக்கையறைக்குக் கேட்கிற அலாரமும் வையுங்கள். மெஷின் ரூமில் மஞ்சி, சாக்கு, தென்னை மட்டை, டீசல் கேன் எதுவும் கூடாது. வீட்டில் ஆள் இல்லாமல் ஊருக்குப் போகும் நாட்களில் மெஷினை நிறுத்திவிட்டுப் போங்கள்.